பெர்லினில் வார இறுதி ப்ரன்ச்: எப்போது போவது, என்ன கேட்பது, எதைத் தவிர்ப்பது

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு அரசியல் சட்டத்தின் காவலே உண்டு. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த ஞாயிறு ஓய்வுப் பிரிவை, இன்றைய அடிப்படைச் சட்டத்தின் 140ஆவது பிரிவு அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் சூப்பர் மார்க்கெட் முதல் துணிக்கடை வரை ஞாயிறன்று ஏறக்குறைய எல்லாம் பூட்டிக் கிடக்கும். கஃபேக்களும் உணவகங்களும் விதிவிலக்கு. பெர்லினில் ஞாயிறு 11 மணிக்கு எந்தக் கஃபேக்குப் போனாலும் இடமில்லை என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்: ஊருக்கு அன்று போக்கிடம் அது ஒன்றே. மீதிப் பாதி, வெள்ளி சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடுகிற ஊர் இது. இங்கே பலருக்கு ஞாயிறு விடிவதே பத்து மணிக்குத்தான்.

இந்த ஊரில் நல்ல ப்ரன்ச், அதாவது காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு, கிடைக்க அதிர்ஷ்டம் தேவையில்லை. எந்த வகை ப்ரன்ச் என்று வியாழனோ வெள்ளியோ முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஞாயிறு காலை படுக்கையில் இருந்தபடியே மேப்பைத் திறந்து, நட்சத்திரம் அதிகமுள்ள இடத்துக்குக் கிளம்புகிறவர்கள்தான் நாற்பது நிமிடம் வரிசையில் நின்று, கடைசியில் குளிர்ந்த சீஸ் தட்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

வகைகள்

மெனுவில் 'ப்ரன்ச்' என்று போட்டிருந்தால் பெர்லினில் அது பெரும்பாலும் புஃபே. ஞாயிறு மட்டும் இருக்கும். சில இடங்களில் சனியும் உண்டு. 10 மணிக்குத் தொடங்கி 2 அல்லது 3 மணிக்கு முடியும், தலைக்கு இத்தனை யூரோ என்று கட்டணம். தட்டு தட்டாக ஆர்டர் செய்து சாப்பிட விரும்பினால் தேட வேண்டிய சொல் 'ஃப்ரூஷ்டுக்', அதாவது காலை உணவு. பெயர்தான் காலை உணவு. பல கஃபேக்களில் மாலை 3, 4 மணி வரை தருவார்கள். மேப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் சுற்றுலாக்காரர்கள் போகும் இடங்களே முன்னால் வரும். ஜெர்மன் சொல்லையும் தெருவின் அல்லது பேட்டையின் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள், பட்டியலே மாறிவிடும்.

பெர்லினில் கண்ணில் படுபவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்: ஜெர்மன் புஃபே, ஜெர்மன் காலைத் தட்டு, துருக்கிக் காலை உணவு, அரபுக் காலை உணவு, அப்புறம் அவகாடோ ரொட்டி, பான்கேக், ஷக்ஷூகா (தக்காளிக் குழம்பில் வெந்த முட்டை) வகையறா தரும் புதுக் கஃபேக்கள். கடைசி வகை உலகத்தின் எல்லாப் பெருநகரங்களிலும் ஒரே மாதிரிதான். ஆங்கிலத்தில் மெனு, ஆங்கிலத்தில் பரிமாறுபவர்கள், ஒரு தட்டு ஏறக்குறைய 12 முதல் 18 யூரோ, காபி தனி. அதைத் தேடிப் பிடிக்க யாருக்கும் வழிகாட்டி வேண்டியதில்லை.

நம் நாக்குக்கு முதலிடம்: துருக்கி

மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் 1961 அக்டோபரில் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டதிலிருந்து துருக்கியர்கள் இங்கே வேரூன்றி, இப்போது மூன்றாவது நான்காவது தலைமுறை நடக்கிறது. க்ரொய்ட்ஸ்பெர்க், நொய்கோல்ன், வெடிங் பகுதிகளில் அவர்களுடைய காலை உணவு ஞாயிறு முழுக்கக் கிடைக்கும். பன்றி இறைச்சி இருக்காது. சூடான பண்டம் இருக்கும், காரம் கேட்டால் தருவார்கள், குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கமாட்டார்கள். ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மெனுவில் 'செர்ப்மே கஹ்வால்ட்டி' என்று இருப்பது மேசை நிறையப் பரப்பும் விருந்து. வெள்ளைச் சீஸ், ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேனும் கய்மாக் என்ற கெட்டிப் பாலாடையும், எள் விழுதில் கலந்த திராட்சைப் பாகு, ஜாம், முட்டை, சுஜுக் என்ற மாட்டிறைச்சி சாசேஜ், சீஸ் வைத்துச் சுருட்டிப் பொரித்த சிகரா போரெக், ரொட்டி எல்லாம் வரும். இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, குறைந்தது இரண்டு பேருக்குத்தான் தருவார்கள். தனியாகப் போகிறவருக்குக் கிடைக்காது. இரண்டு, இரண்டு பேர் செர்ப்மேயை மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் பல கடைகளில் உட்கார்ந்த தலையை எண்ணித்தான் பில் போடுவார்கள். மூன்றாமவருக்குத் தனியாக ஒரு மெனெமென் சொன்னால் போதுமா என்று ஆர்டருக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மூன்று, தேநீர் விலையில் அடங்குமா, அடங்கினால் எத்தனை கிளாஸ் என்பது கடைக்குக் கடை மாறும். பால் கேட்காதீர்கள்; இது பால் ஊற்றிக் குடிக்கும் தேநீர் இல்லை.

மெனெமென் என்பது தக்காளியும் பச்சைக் குடைமிளகாயும் வதக்கி முட்டை உடைத்து ஊற்றிக் கிளறியது. சிறு வாணலியோடு மேசைக்கு வரும். வந்த உடனே அதைத்தான் முதலில் சாப்பிட வேண்டும். சீஸும் ஆலிவும் ஒரு மணி நேரம் காத்திருக்கும். மெனெமென் பத்து நிமிடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு சப்பென்றாகிவிடும். சுஜுக் போட்டதும் உண்டு, போடாததும் உண்டு, வாயைத் திறந்து சொல்லுங்கள். காரத்துக்கு 'புல் பிபெர்' என்று கேட்டால் மிளகாய்த் தூள் கிண்ணம் வரும். பெர்லினில் 'காரம்' என்று குறிப்பிட்ட எந்த உணவும் நமக்குக் காரமாக இருந்துவிடும் என்று நினைத்து ஒதுக்க வேண்டாம்.

கையைக் கடிக்காத வழி ஒன்று உண்டு. செர்ப்மே சொல்லாமல் ஒரு மெனெமென், ஒரு சிறு காலைத் தட்டு, எள் தூவிய இரண்டு சிமித் வளையங்கள் வாங்கிக்கொண்டால் இரண்டு பேருக்கு வயிறு நிறையும், பில் கணிசமாகக் குறையும். போரெக் மட்டும் போதுமென்றால் துருக்கி பேக்கரிக்குப் போங்கள். கீரை வைத்தது, சீஸ் வைத்தது, கொத்துக்கறி வைத்தது மூன்றும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 'கியமா' என்று சொன்னால் கொத்துக்கறி, 'பெய்னிர்' என்றால் சீஸ், 'இஸ்பனாக்' என்றால் கீரை.

அரபுக் காலை: சைவர்களுக்கு

நொய்கோல்னில் ஸோனென்அல்லெ தெருவில், 2015க்குப் பிறகு வந்த சிரியர்களால் இன்னும் பெருகிய அரபு உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. முட்டையும் சாப்பிடாத சைவர்களுக்குப் பெர்லினிலேயே நல்ல இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். 'ஃபூல்' என்பது மணிக்கணக்கில் வெந்த பெரிய அவரைப் பயறு. எள் விழுது, எலுமிச்சை, சீரகம், ஆலிவ் எண்ணெயுடன் வரும். 'முசப்பஹா' என்பது ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை விழுதில் முழுக் கடலையும் போட்டது. 'ஃபத்தே' என்றால் வறுத்த ரொட்டித் துண்டு மேல் கொண்டைக்கடலை, அதன் மேல் தயிரும் எள் விழுதும், உச்சியில் சூடான நெய்யும் பருப்பும். ஃபத்தேயைக் கறி போட்டும் செய்வார்கள், அதனால் கேட்டுவிட்டே வாங்குங்கள். ஸாத்தர் என்ற மூலிகைத் தூள் தூவிச் சுட்ட மனாகிஷ் ரொட்டி சில யூரோக்களில் முடிந்துபோகும் காரியம். இவர்களுடைய மிளகாய் விழுதுக்கு 'ஷத்தா' என்று பெயர்.

ஒரு எச்சரிக்கை. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபூலில் உள்ள அவரைப் பயறு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். நம்மிடையேயும் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் உண்டு. வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர் ஃபூல் பக்கம் போகாமல் ஹம்மஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிரிட்ஸில் உள்ள மயூரபதி முருகன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு இது வழியிலேயே இருக்கிறது. ப்ளாஷ்கோஅல்லெ நிலையத்தில் ஊ-பான் 7 மெட்ரோவில் ஏறி ராட்ஹவுஸ் நொய்கோல்னில் இறங்கினால், ஸோனென்அல்லெ நடை தூரம்.

ஜெர்மன் புஃபே: யாருக்கு லாபம்

இறைச்சியும் முட்டையும் சாப்பிடும், நன்றாகப் பசித்த, இரண்டு மணி நேரம் உட்காரப் பொறுமையுள்ளவருக்கு மட்டும் லாபம். ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹைனில் ஸிமோன் டாஹ் தெருவைச் சுற்றி இவை அதிகம். முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சூடான பானம் விலையில் அடக்கமா? முட்டையை ஆர்டரின் பேரில் செய்து தருகிறார்களா, மூடிய பாத்திரத்தில் வைத்திருக்கிறார்களா? குழந்தைக் கட்டணம் வயதை வைத்தா, எந்த வயது வரை? இரண்டாவது கேள்விதான் முக்கியம். மூடிய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கிடந்த ரூர்ஐ, அதாவது கிளறிய முட்டை, ரப்பராகிவிடும். அந்த ஒரு பதிலில் சமையலறையின் தரம் தெரிந்துவிடும்.

தொடங்கி அரை மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் தட்டுகளை நிரப்புவதைக் குறைத்துவிடுவார்கள். கட்டணம் மட்டும் குறையாது.

சைவர்களும் பன்றி தவிர்ப்பவர்களும் புஃபேயில் ஏமாறுவது பெயர் தெரியாததால் அல்ல, கண்ணால் பார்த்து எடுப்பதால். வெள்ளை மயோனைஸில் நீள நீளத் துண்டுகளோடு காய்கறி சாலட் போல இருப்பது 'ஃப்ளைஷ்ஸலாட்'. உள்ளே இருப்பது பன்றி சாசேஜ். ரொட்டியில் தடவ வைத்திருக்கும் வெள்ளை வெண்ணெயில் பழுப்பாக மொறுமொறுப்புத் தூள் தெரிந்தால் அது வெண்ணெயே அல்ல, 'க்ரீபென்ஷ்மால்ட்ஸ்', பன்றிக் கொழுப்பு. இளஞ்சிவப்பாக வெங்காயத்தோடு இருக்கும் 'மெட்' என்பது பச்சைப் பன்றிக் கொத்துக்கறி. உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றி இறைச்சித் துணுக்கோ இறைச்சிச் சாறோ இருக்கலாம். 'பவுவெர்ன்ஃப்ரூஷ்டுக்' என்ற உருளை முட்டைப் பொரியலில் பன்றி இறைச்சி இருப்பதுதான் வழக்கம். கிரீம் கேக், பன்னா கோட்டா இரண்டிலும் ஜெலட்டின் இருக்க வாய்ப்பு அதிகம்.

சீஸ் இன்னொரு கண்ணி. பார்மெஸானும் க்ரானா படானோவும் கன்றின் வயிற்று நொதியால்தான் செய்யப்படுகின்றன. மற்ற சீஸ்களில் நுண்ணுயிர் நொதியும் புழக்கத்தில் உண்டு. பெஸ்டோவிலும் பார்மெஸான் கலந்திருக்கும். இதையெல்லாம் பார்ப்பவர் என்றால் 'வெகெட்டாரிஷ்' (சைவம்) என்று கேட்பது போதாது, அந்தச் சொல்லில் முட்டையும் எந்தச் சீஸும் அடங்கும். 'வேகான்' என்று கேளுங்கள். பால் பொருளும் போய்விடும், ஆனால் சந்தேகமும் போய்விடும். முட்டை மட்டும் வேண்டாமென்றால் 'ஓஹ்னெ ஐ'. பன்றி வேண்டாமென்றால் 'ஓஹ்னெ ஷ்வைன்'.

மெனுவில் உணவுப் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக எழுத்துகளும் எண்களும் இருக்கும். எழுத்துகள் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களைக் குறிக்கும். 2014 டிசம்பரிலிருந்து இது கட்டாயம். பல கடைகளில் ஏ என்றால் குளூட்டன், சி என்றால் முட்டை, ஜி என்றால் பால். ஆனால் எழுத்து வரிசை எல்லாக் கடைக்கும் பொதுவானதல்ல. மெனுவின் கடைசிப் பக்கத்தில் உள்ள விளக்கத்தைப் பார்த்தே முடிவெடுங்கள். மொழி தெரியாதவருக்கு முட்டையைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

காலைத் தட்டு பற்றிச் சுருக்கமாக: 'ஃப்ரூஷ்டுக் ஃப்யூர் ஸ்வாய்', அதாவது இருவருக்கான காலை உணவு, இரண்டு மூன்று அடுக்குத் தாங்கியில் சீஸ், ஹாம், ஜாம், பழம், ரொட்டி என்று அழகாக வரும். படத்துக்கு நன்றாக இருக்கும். எல்லாம் குளிர்ந்தது. வீட்டிலேயே பாதி விலையில் இதை அடுக்கிவிடலாம். ஆளுக்கு ஒரு சூடான முட்டைத் தட்டு சொல்லிக்கொள்வது மேல். காபியில் 'ஃபில்டர்காஃபே' என்பது டிகாஷனும் பாலும் அல்ல, நீர்த்த கறுப்புக் காபி. கெட்டியாக வேண்டுமானால் எஸ்பிரெஸோவில் கொஞ்சம் பால் சேர்த்த கோர்ட்டாடோ சொல்லுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்கும் முறை

1. பேட்டையை முதலில் முடிவு செய்யுங்கள். மவுவெர்பார்க் பழம்பொருள் சந்தை ஞாயிறுதோறும் கூடும். அதைச் சுற்றியுள்ள ப்ரென்ஸ்லவெர் பெர்க் கஃபேக்கள் அன்று நெரியும். அங்கே போக ஆசையென்றால் சனிக்கிழமை போங்கள். ஷோனெபெர்கின் வின்டெர்ஃபெல்ட் சதுக்கத்திலும் கொல்விட்ஸ் சதுக்கத்திலும் சனிச் சந்தை உண்டு. நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வரலாம். மைபாஹ்உஃபெரின் துருக்கிச் சந்தை செவ்வாய், வெள்ளி மட்டும்.

2. நட்சத்திர எண்ணைப் பார்க்காமல் மதிப்புரைகளைப் புதியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். வார நாளில் லாப்டாப்போடு உட்கார்ந்து காபி குடித்தவரின் ஐந்து நட்சத்திரம் ஞாயிறு சமையலறையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஞாயிறு, வரிசை, காத்திருப்பு என்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். ஜெர்மனியில் அவதூறுப் புகார் என்று சொல்லி மோசமான மதிப்புரைகளை நீக்கவைப்பது பரவலான பழக்கம். இப்போது கூகுள் மேப்பிலேயே, எத்தனை மதிப்புரைகள் அப்படி நீக்கப்பட்டன என்ற குறிப்பு சில கடைகளின் பக்கத்தில் தெரிகிறது. அந்த எண் பெரிதாக இருந்தால் 4.8க்கு மயங்காதீர்கள்.

3. மெனுவின் படத்தில் தேதியைப் பாருங்கள். இரண்டு வருடப் பழைய விலை இப்போது இருக்காது. வார இறுதிக்குத் தனி மெனு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல கஃபேக்கள் அன்று பட்டியலைச் சுருக்கிவிடும்.

4. வெள்ளி மாலைக்குள் பதிவு செய்யுங்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் பதிவில்லாமல் போகவே வேண்டாம். பதிவே ஏற்காத கடைகளுக்குத் திறக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள், 9.30க்குக் கிடைக்கும் மேசை 11 மணிக்குக் கிடைக்காது. அடுத்த நல்ல நேரம் 1.30 சுமார், முதல் கூட்டம் எழுந்துபோகும்போது. பதிவில் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேர வரம்பு இருக்கிறதா என்று படியுங்கள். பத்து நிமிடம் தாமதமாகும் என்றால் போன் செய்துவிடுங்கள், கால் மணி நேரத்தில் மேசையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

5. கிளம்பும் முன் போக்குவரத்துச் செயலியைப் பாருங்கள். தண்டவாளப் பணிகளை வார இறுதியில்தான் வைத்துக்கொள்வார்கள். எஸ்-பான் நகர ரயிலுக்குப் பதில் பேருந்து விட்டால் நேரம் இரட்டிப்பாகும். செப்டம்பர் கடைசியில் வரும் மாரத்தான் ஞாயிறன்று நகர நடுவில் தெருவைக் கடப்பதே பெரும்பாடு.

உட்கார்ந்த பிறகு

வாசலில் காத்திருக்கச் சொல்லும் பலகை இல்லையென்றால் காலியான மேசையில் நீங்களே உட்காரலாம். 'ரெஸெர்வீர்ட்' (முன்பதிவு) அட்டை இருந்தாலும் அதில் நேரம் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரு மணிக்கென்று இருந்து இப்போது பதினொன்று என்றால், கேட்டால் தந்துவிடுவார்கள்.

தண்ணீர் தானாக வராது. 'வாஸெர்' என்று மட்டும் சொன்னால் சோடா போன்ற காஸ் தண்ணீர் பாட்டிலில் வந்து பில்லில் ஏறும். காஸ் இல்லாததற்கு 'ஷ்டில்'. குழாய்த் தண்ணீருக்கு 'லைட்டுங்ஸ்வாஸெர்'. மற்ற பானம் ஏதாவது சொல்லிவிட்டுக் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள், சில இடங்களில் சிறு கட்டணம் உண்டு.

பில்லை யாரும் தானாகக் கொண்டுவரமாட்டார்கள். அது அலட்சியமில்லை, உங்களை எழுப்ப விரும்பாத மரியாதை. கேட்டதும் 'ஸுஸாமென் ஓடெர் கெட்ரென்ட்?' என்பார்கள்: சேர்த்தா, தனித்தனியா? தனித்தனியாகக் கட்டுவது இங்கே சாதாரணம். நண்பர்களோடு பில்லுக்கு இழுபறி போட்டால் பரிமாறுபவர்தான் தவித்து நிற்பார்.

டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம், மேசையில் விட்டுப் போகாமல் கட்டும்போதே சொல்ல வேண்டும். பில் 36.40 என்றால் 'ஃபீர்ட்ஸிஹ்' என்றால் போதும், நாற்பது எடுத்துக்கொள்வார்கள். பணத்தை நீட்டும்போதே 'டாங்கெ' என்று நன்றி சொல்லிவிட்டால் மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னதாகவே பொருள். 50 யூரோ நோட்டைக் கொடுத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் அதைச் சொல்லாதீர்கள். மீதி கைக்கு வந்த பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

'நூர் பார்' என்று வாசலில் எழுதியிருந்தால் ரொக்கம் மட்டும். அட்டை வாங்குவதாகச் சொல்லும் சில கடைகளிலும் ஜெர்மன் வங்கியின் கிரோகார்டெ மட்டுமே செல்லும். புதிதாக வந்தவரின் கிரெடிட் கார்டு வேலை செய்யாது. தலைக்கு 30 யூரோ ரொக்கம் கையில் இல்லாமல் ஞாயிறன்று வெளியே போக வேண்டாம்.

எல்லா இடமும் நிறைந்திருந்தால் அலையாதீர்கள். பேக்கரிகள் ஞாயிறு காலை சில மணி நேரம் திறந்திருக்கும். மதியத்துக்குள் பல மூடிவிடும், அதனால் நேரம் கடத்தாமல் நுழைந்துவிடுங்கள். ஷ்ரிப்பெ ரொட்டிகளை அங்கே வாங்கி, சீஸ், பழம், தக்காளியைத் தலைமை ரயில் நிலையத்தின் உள்ளே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம். ஞாயிறன்றும் திறந்திருக்கிற சிலவற்றில் அது ஒன்று. அங்கேயும் வரிசை நீளம்தான், ஆனால் வேகமாக நகரும்.